நான் சாய்த்த இணையத்தளம்

பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தை முடக்கியவன் நான்தான். பழுதுமில்லை, வைரசுமில்லை... நான்! பட்டப்பகலில், அலுவலக நாற்காலியில் அமர்ந்து, தெரிந்தே செய்தேன்.

வெட்கப்படுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

அந்தத் தளத்தைக் கட்டியவனும் நானே. எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளில், மூன்று மொழிகளிலும் பக்கம் பக்கமாக எழுப்பினேன். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் எது உடையுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பராமரித்தேன்.

அந்த வாரம் ஓயாத மழை. எங்கள் மலையூர் டயகமவில் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. மின்சாரமும் போயிற்று. பட்டப்படிப்புக்கு அந்தத் தளத்தில் விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து என் தங்கை கௌசல்யா அழைத்தாள்.

“அண்ணே, போன்ல சார்ஜ் முடியப்போகுது. டவுனுக்குப் போக பஸ்ஸும் இல்ல. இந்த வருசமும் போச்சுன்னா என்னைய கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்கு அனுப்பிருவாங்க...”

நானே நிரப்பி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அவளுடைய கைபேசி அந்த அழைப்போடு அணைந்துவிட்டது; அதற்கு வரும் இரகசிய இலக்கம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்தப் பூட்டைப் போட்டவனும் நான்தான்!

மேலதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். மழைக்கெல்லாம் விதியை மாற்ற முடியாது என்றார். ஆனால் தளம் பழுதானால் ஒரு வாரம் நீட்டுவது அவர்களுடைய வழக்கம். மலை சரிந்தால் நீளாத நாள், தளம் சரிந்தால் நீளும்! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மறுநாள் காலை, புதிய பதிப்பை ஏற்றுகிறேன் என்று சொல்லித் தளத்தைச் சாய்த்தேன். மாலைவரை எழவிடவில்லை. எதிர்பார்த்தபடியே கடைசி நாளை ஒரு வாரம் நீட்டினார்கள். அதற்குள் பாதையும் திறந்தது. கௌசல்யா விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது, இன்று அவள் பட்டதாரி. அதே மழையில் சிக்கிய உடப்புசல்லாவையிலிருந்தும் சில பிள்ளைகள் நீட்டிய வாரத்தில் விண்ணப்பித்தார்கள்தான். அவர்களுக்குப் பின்னால் நான் ஒளியமாட்டேன். என் தங்கைக்காகச் செய்தேன்... அவ்வளவுதான்!

ரிஸ்வானைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, இல்லையா?

என்னோடு வேலை செய்தவன். என் வயதுக்காரன், ஒப்பந்த ஊழியன், வீட்டில் கைக்குழந்தை. தளம் சாய்ந்ததற்கு முந்திய நாள்தான் பட்டமளிப்பு விழாப் படங்களைக் காட்டுவதற்காகத் தளத்தில் சிறு செருகுநிரல் ஒன்றைச் சேர்த்திருந்தான். விசாரணையில் யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றான்.

“நான் போட்டது புதுப் பதிப்போட ஒத்துப்போகாமதான் ஒடைஞ்சிருக்கும் சேர்.”

நான் வாயைத் திறந்தேனா? இல்லை. திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும், நீட்டிய நாளையும் பறித்திருப்பார்கள். அவனுடைய ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளில் மேசையை ஒழித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தான்.

“என்னால ஒனக்கும் ஏச்சு மச்சான். மன்னிச்சிரு.”

தளத்தை முடக்கியதற்காக உங்கள் முன் நான் தலைகுனியப் போவதில்லை. நாளை அப்படியொரு மழை பெய்தால் நாளையும் முடக்குவேன்! ஆனால் அன்று...

“சரி விடு மச்சான், மன்னிச்சிட்டேன்” என்றேன்.

அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.