விடுபட்ட நான்கு பெயர்கள்

நான்கு சார்ட் தாள்களை ஒட்டி நான் வரைந்த அந்த வம்சாவளி, மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் அத்தாவின் மிளகு மண்டிச் சுவரில் ஒரு மழைக்காலம் முழுவதும் தொங்கியது. அப்போது நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தில் ஸ்காட்லாந்தின் ஆரம்பகால ராஜாக்களுக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்குள் மூன்று கான்ஸ்டன்டைன், மூன்று கென்னத், இரண்டு மால்கம் வந்து போவார்கள். பிள்ளைகளை விடுங்கள், எனக்கே யார் யாருக்குப் பிறந்தவர் என்று தலை சுற்றும். அதனால்தான் பெரிதாக எழுதி மாட்டினேன். ஆல்பின் மகன் கென்னத்துக்கு ஆட்சி செய்த பிள்ளைகள் இரண்டு பேர், கான்ஸ்டன்டைனும் ஏய்த்தும். மூத்தவர் வழியைச் சிவப்பு மையிலும் இளையவர் வழியை நீல மையிலும் எழுதினேன். அத்தா அதைப் பார்த்து, "மிளகு விலை கேட்டா தெரியாது, எவனோ ஒரு ராஜாவோட கொள்ளுப்பேரன் பேரு மட்டும் தெரியும்" என்று தன் மகனைப் பற்றி வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சுவரின் முன் நின்று அதை முதலில் புரிந்துகொண்டவர் என் மாணவர்களில் யாரும் இல்லை, பட்டக்காரர்தான். மலையில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூருக்குத் தலைவர் அவர். ஊர் வழக்கைத் தீர்ப்பது, கோயில் திருவிழாவான நோன்பிக்கு நாள் குறிப்பது, கல்யாணத்தில் முதல் வெற்றிலை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வரும்போதும் தலையில் பட்டத்துக்குரிய தலைப்பாகையான உருமால் கட்டியிருப்பார். சிவப்புக் கரை போட்ட, பழுப்பேறிய வெள்ளைத் துணி. பஸ் கூட்டத்தில் இடிபட்டாலும் அது நகராது. எழுத்துக் கூட்டித்தான் அவருக்குப் படிக்க வரும். ஆனால் அன்று அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தார். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று விரலால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, செவப்பு ஒரு ஊடு, நீலம் ஒரு ஊடுங்களா? மாத்தி மாத்தி ஆண்டிருக்காங்க?"

ஆமாம் என்றேன். எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு இல்லை. "எங்கூர்லயும் அப்பிடித்தானுங்க. மேலூடு, கீழூடு. நான் மேலூடு. எனக்கு முந்தி கீழூட்டுக்காரரு. எனக்கப்புறமும் கீழூட்டுப் பையன்தான்" என்றார். பிறகு அவர்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். பட்டம் கட்டியவர் இறந்தால் அவருடைய சொந்த மகன் அந்த உருமாலைத் தொடக்கூடாது. அடுத்த வீட்டில் முறையுள்ளவர் வந்து, இறந்தவர் தலையிலிருந்து அதை அவிழ்த்துத் தன் தலையில் கட்டிக்கொள்வார். பிறகு பாடையின் முன்கொம்பைத் தூக்குவதும் அவர்தான். அதுவரை உடல் வாசலைத் தாண்டாது. "தகப்பன் சாவுல மகனுக்கு அழற வேலை மட்டுந்தானுங்க" என்றார்.

அதன்பிறகு மண்டிக்கு வரும்போதெல்லாம் ஒரு ராஜாவையாவது கேட்டுவிட்டுத்தான் போவார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டு, கிரீடத்தை அடுத்த வழிக்காரரான மால்கமிடம் கொடுத்துவிட்டு மடத்தில் போய் உட்கார்ந்த இரண்டாம் கான்ஸ்டன்டைனை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "மனுசன்னா அவருங்க" என்பார். டப் என்ற ராஜா கதையையும் திரும்பத் திரும்பக் கேட்பார். அவரைக் கொன்று ஒரு பாலத்தின் கீழே போட்டுவிட்டார்கள், உடலை எடுத்து அடக்கம் செய்கிறவரை அந்தப் பக்கத்தில் வெயிலே அடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் உச்சுக் கொட்டுவார். எனக்கோ பாடம் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். வகுப்பில் கொட்டாவி விடும் முகங்களையே பார்த்துப் பழகியவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு நாள் அவர் விரல் நீல மை முடிகிற இடத்தில் நின்றது. மூன்றாம் கான்ஸ்டன்டைனோடு நீலம் முடிந்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் சிவப்புதான்.

"இந்த ஊடு என்னங்க ஆச்சு?"

சிவப்பு வழியில் வந்த இரண்டாம் கென்னத் தனக்குப் பிறகு தன் மகனே ஆள வேண்டும் என்று முறையை மாற்றப் பார்த்ததையும், கடைசியில் அந்த மகன் மால்கம் பட்டத்துக்கு வந்ததையும் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருந்ததையும் அப்படியே ஒப்பித்தேன். தகப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று வந்தபிறகுதான் அந்த நாடு உறுதியாக நின்றது என்றேன். வெளியே, அவர் மலைக்குத் திரும்ப வேண்டிய லாரி ஹார்ன் அடித்தது. பட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப செவப்பேதான் நெலச்சுதுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். மீதியை நான் சொல்லவில்லை. முறையை மாற்ற நினைத்த கென்னத்தை ஏமாற்றிக் கொன்றார்கள். அடுத்து வந்த நீல வழிக்காரரும் கொல்லப்பட்டார். மகன் மால்கம் தன் சொந்தப் பங்காளியைக் கொன்றுதான் ஆட்சிக்கு வந்தார், அப்படி வந்தவருக்கு ஆண் வாரிசே இல்லை. மகள் வயிற்றுப் பேரனுக்குப் பட்டம் போய், ஆறு வருடத்தில் அந்தப் பேரனையும் உறவுக்காரர் ஒருவரே முடித்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். லாரி கிளம்பப் போகிறதே என்று அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை அவர் ஒரு படிவத்தோடு வந்தார். கோயிலுக்குக் கூரை போட மனு கொடுக்கப் போயிருக்கிறார். ஆபீஸில், பரம்பரைத் தலைவர் யார், அவருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். மண்டியின் பின்னறையில் உட்கார்ந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது பெயர்களைச் சொன்னார். ஐந்து மேல்வீடு, நான்கு கீழ்வீடு, ஒன்று விட்டு ஒன்று. நான் படிவத்தைப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், அவருக்குத் தகப்பனார் பெயர் என்று ஒற்றை வரிசையில் கட்டம் போட்டிருந்தது. கீழ்வீட்டுப் பெயர்களை எடுத்துவிட்டால் மேல்வீட்டு ஐந்து பேரும் தகப்பன், மகன், பேரன் என்று அழகாக அதில் உட்கார்ந்தார்கள்.

"கீழூட்டுக்காரங்க பேரு?" என்று அவரே கேட்டார்.

"படிவத்துல இடமில்லைங்க" என்றேன்.

ஒரு வெள்ளைத்தாளை இணைத்திருக்கலாம். என் மேஜையில் கட்டுக் கட்டாக வெள்ளைத்தாள் இருந்தது.

கடைசிக் கட்டம், அடுத்த வாரிசு. அவர் படிவத்தை ஒரு தடவை தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மகன் பெயரைச் சொன்னார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "மொளகு பறிக்கறப்ப மரத்துல இருந்து உழுந்து காலு போனவனுங்க. பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. பட்டமாச்சும் இருந்தா நாலு பேரு மதிப்பாங்க. அவனுக்கு வேற என்னங்க இருக்குது?" என்றார். அந்தக் குரலில் பட்டக்காரர் இல்லை, ஒரு தகப்பன்தான் இருந்தார். எனக்கு இரக்கமாக இருந்தது. கூடவே, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்தது என் கண் முன்னால் நடக்கிறதே என்று ஒரு கிளுகிளுப்பும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கூரை வந்தது. அந்தத் தாளின் நகலை யாரோ லேமினேட் செய்து கோயில் தூணில் மாட்டிவிட்டார்கள். கீழ்வீட்டில் முறையுள்ளவர் அப்போது முப்பது வயதுக்காரர், பட்டக்காரரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். பன்னிரண்டாவது வரை படித்தவர். நோன்பியன்று அதன் முன் நின்று மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாராம். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடத்திலிருந்து கீழ்வீட்டிலிருந்து நோன்பிக்கு யாரும் வரவில்லை. பட்டக்காரர் மண்டிக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் ராஜாக்களைக் கேட்பதில்லை. ஒரு முறை நானாகவே மீதிக் கதையைச் சொன்னேன். மால்கமுக்குப் பிள்ளை இல்லை என்பதுவரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். தாளை மாற்றி எழுதலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மகனுக்குப் பெண்ணும் கிடைக்கவில்லை.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிமூட்டம். ஊரிலும் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாத மூட்டம். வாசலில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் உருமால் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து அழுது ஓய்ந்துவிட்டார்கள். பாடை கட்டியாகிவிட்டது. யாரும் எதையும் தொடாமல் நின்றார்கள். கீழ்வீட்டுக்கு முறையாக ஆள் அனுப்பி அழைக்க வேண்டும். அழைப்பது யார் என்பதில்தான் எல்லாம் நின்றது. மகன் ஊன்றுகோலோடு சுவரில் சாய்ந்திருந்தான். "என்ற பேருதான் பேப்பர்ல இருக்குது. நான் எதுக்குப் போயி அவனக் கூப்பிடோணும்?" என்றான். சரி, அவனே உருமாலை எடுக்கட்டும் என்று யாரோ சொன்னதற்கு, அவன் தகப்பனின் தலைக்குப் பக்கம் வரை கையைக் கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே உட்கார்ந்து அழுதான்.

மதியம் ஊர்ப் பெரியவர் ஒருவர், நான் உட்கார்ந்திருந்த பலாமரத்தடிக்கு வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, நீங்க மேலூடும் இல்ல, கீழூடும் இல்ல. பொது ஆளு. ஒரு எட்டு போயிக் கூப்பிட்டுட்டு வந்தா வர மாட்டாங்களா?" என்று கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம்தான் கீழ்வீடு. மூட்டம் விலகும்போதெல்லாம் ஓட்டுக்கூரை தெரிந்தது. கால் மணி நேர நடை. எழுந்தேன். அங்கே போனால் அவர் முதலில் அந்தத் தாளைப் பற்றித்தானே கேட்பார் என்று தோன்றியது. அது என் கையெழுத்து. உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். என் பேச்சை யார் கேட்பார்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாளும் வெயில் வரவில்லை. டப் ராஜாவின் கதை என்னை விட்டுப் போகவே இல்லை. உச்சுக் கொட்டிக் கேட்டவர் இரண்டு நாளாக வாசலில் உட்கார்ந்திருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் தாங்காது என்று ஆன பிறகு, உருமாலோடேயே அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பாடையின் முன்கொம்பை முறையில்லாத யாரோ தூக்கினார்கள். ஊரில் அதன்பிறகு பட்டக்காரர் என்று யாரும் இல்லை. வழக்கு என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். மகன் நாமக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேனாக இருக்கிறான். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான், அது நியாயம்தான்.

போன மாதம் செம்மேடு பஸ் நிலையத்தில் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. அவர்தான் முதலில் பார்த்து, "வாத்தியாரே, நல்லாருக்கீங்களா?" என்று கிட்டே வந்தார். இத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அந்தத் தாளை எழுதியது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்க. உங்க கையெழுத்த மண்டிச் சுவத்துல பாத்திருக்கறேன். அத உடுங்க" என்றார்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவர் ஓடைப் பக்கம் பார்ப்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"பெரியப்பா செத்த அன்னைக்குக் காத்தாலயே நான் தலைக்குத் தண்ணி ஊத்தி, துவைச்ச வேட்டி கட்டிட்டேனுங்க. ரெண்டு நாளும் வாசல்லயே உக்காந்திருந்தேன். கூப்பிடாம போவக்கூடாது பாருங்க. மூட்டம் வெலகறப்ப பலாமரத்தடியில நீங்க இருக்கறது தெரிஞ்சுது. நீங்க எந்திரிச்சப்பவெல்லாம் நானும் எந்திரிச்சேனுங்க."