நாலு டயரோடு ஒரு மலைப்பயணம்: கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை

ஹட்டன் பக்கம் போகிறவர்கள் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து, பாலம் வந்ததும் தலையை வெளியே நீட்டிப் படமெடுத்து, வீட்டுக்கு வந்து பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் போன மாதம் போனது டயர் தூக்க. ஆகவே இந்தப் பதிவில் அருவி எதுவும் வராது. மலைநாட்டில் வாகனம் வைத்திருப்பவர்களும், அங்கிருக்கும் சொந்தக்காரருக்குக் கொழும்பிலிருந்து டயர் வாங்கி அனுப்ப நினைப்பவர்களும், ஆன்லைனா கடையா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம்.

என் அண்ணன் றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார். பழைய வேன் ஒன்றில் தன் மகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். விடுமுறைக்கு முந்திய வாரம் ஒரு மழை நாளில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் வளைவில் வழுக்கி, தேயிலைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நாலு டயரும் மொட்டை என்ற விஷயம் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பெற்றோர்கள் கோயிலடியில் கூடினார்கள். முதலில் வாயைத் திறந்தது வேறு யாருமில்லை, என் அண்ணிதான். "டயரு மாத்துற வரைக்கும் எம் புள்ளைய நான் ஏத்த மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேன்காரர் பெண்டாட்டியே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன யோசிக்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது புது டயர் இல்லையென்றால் பன்னிரண்டு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அண்ணன் வேனை விற்றுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான்.

விஷயத்தைக் கேட்டதும் நான் களத்தில் குதித்தேன். நான் வேலை செய்வது வெள்ளவத்தையில், வாகனக் காப்புறுதி அலுவலகத்தில். விபத்தான வண்டிகளின் டயர் படங்களைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவள். டயர் விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அண்ணன் வழக்கமாகப் போகும் ஹட்டன் கடையில் ஒரு டயர் 35,000 ரூபாய் சொன்னார்கள். நுவரெலியாவில் ஒரு கடைக்குப் போன் போட்டேன், 34,500. ஆன்லைனில் அதே கம்பெனி, அதே அளவு, பாரம் தாங்கும் எட்டு ப்ளை, 31,500. நாலுக்கும் சேர்த்து அனுப்புகூலி 3,600. பணத்தைக் கட்டிவிட்டு அண்ணனிடம் சொன்னேன்: "கடைப்பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. நாலும் வீட்டு வாசலுக்கே வரும்." அண்ணன் வழக்கம்போல "சரி பாப்பா" என்றார்.

வீட்டு வாசல் என்று சொன்னேனே, அங்கேதான் வண்டி மாட்டிக்கொண்டது. ஆன்லைன் படிவத்தில் வீட்டு இலக்கமும் தெருவும் கேட்டிருந்தார்கள். லயத்துக்கு ஏது தெரு? தோட்டத்தின் பெயர், மேல் லயம், மூன்றாவது வீடு என்று நிரப்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை கூரியர்காரர்கள் கூப்பிட்டு, "இந்த மாதிரி அட்ரசுக்கெல்லாம் நாங்க போறதில்ல, கினிகத்தேனை ஆபீசுல வச்சிருக்கோம், வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். அண்ணியிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "நம்ம லயத்துக்குக் கடிதாசியே நேரா வராது, தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். டயரு வருமாக்கும்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி மேல் இல்லை. நான் பிறந்த வீட்டுக்கு ஒரு டயரைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்கிறார்களே, அவர்கள் மேல்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். கட்டணம் 600 ரூபாய். அவிசாவளை, கித்துல்கல வழியாகக் கினிகத்தேனைக்குச் சுமார் 105 கிலோமீட்டர், நாலு மணி நேரம் பிடித்தது. கித்துல்கல தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். வயிறு சரியில்லாதவர்கள் முன்பக்கம் உட்காருங்கள்.

கூரியர் ஆபீசில் டயர்கள் சுற்றிக் கட்டி, பத்திரமாக இருந்தன. கையெழுத்துப் போடுவதற்கு முன், டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று டயர் சமீபத்தியவை. ஒன்று நாலு வருடப் பழசு! களஞ்சியத்தின் மூலையில் கிடந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். விற்றவர்களுக்கு அங்கே நின்றே போன் போட்டுச் சண்டை பிடித்தேன். மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு வாரமாகும். திருப்பி எடுப்பதற்கும் ஒழுங்கான அட்ரஸ் ஒன்று வேண்டுமாம். எனக்கு ஏழாம் நாள் வேண்டாம், திங்கட்கிழமை காலை வேண்டும். அந்த ஒன்றை ஹட்டன் கடையில்தான் வாங்க வேண்டும், அதுவோ சனி மாலையோடு மூடிவிடும்.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு 22 கிலோமீட்டர். ஒரு ஓட்டோக்காரர் 3,500 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். இரண்டு டயரைக் கூரையில் கட்டினார், இரண்டைப் பின்சீட்டில் நிறுத்தினார். மிச்சமிருந்த ஒரு சாண் இடம் எனக்கு. வட்டவளையில் எப்போதும்போல மழை. கூரையிலிருந்த டயரில் தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் ஊற்றியது. ஓட்டோக்காரர் சிங்களவர், பேச்சுக்குக் குறைவில்லாதவர். விலையைக் கேட்டார், சொன்னேன். "மலிவுதான் மிஸ்," என்றார் சிங்களத்தில். "ஆனா எனக்குச் சரிவராது. சாமான் பிழைச்சா நேரா போய் நின்னு ஏசணும். ஆன்லைன்காரன எங்க போய்த் தேடுறது?" நான் போனிலேயே நன்றாக ஏசிவிட்டேன் என்றேன். "அதுல என்ன திருப்தி இருக்கு!" என்றார். உண்மையைச் சொன்னால், திருப்தி இல்லைதான்.

றொசல்ல சந்தியில் அண்ணன் வேனோடு நின்றார். அந்த மொட்டை டயரில் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்து, ஹட்டன் கடை வாசலில் வேனை நிறுத்தினார். நிறுத்தியவர் உள்ளே வரவில்லை. "நீ போய்ப் பேசு பாப்பா" என்று எதிரிலிருந்த டீக்கடைக்குள் புகுந்துகொண்டார். இத்தனை வருடப் பழக்கமுள்ள முதலாளி முன்னால் வெளியில் வாங்கிய டயரோடு நிற்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க வாங்க. கொழும்பு டயரு ஓட்டோவுல ஊர்வலம் வருதுன்னு வட்டவளையிலேயே பாத்துட்டு சொல்லிட்டாங்க."

"இதுல மூண வேனுல மாட்டிப் பூட்டணுங்க. ஒண்ணு உங்ககிட்ட வாங்கணும். இதே கம்பெனி, இதே சைஸ்."

"இதே கம்பெனியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் வித்துப்போச்சு."

"யாருக்குங்க?"

அவர் தாடையால் எதிர்க்கடையைக் காட்டினார். "அந்தா டீ குடிக்கிறாரே, அவருக்கு. வியாழக்கெழமையே வந்து காசக் கட்டிட்டுப் போயிட்டாரு. தங்கச்சிக்கிட்ட சொல்லிடாதீங்கன்னாரு. சொல்லாம எப்படிங்க இருக்கிறது?"

அவர் உருட்டிக்கொண்டு வந்த டயரில் சோக்கால் அண்ணன் பெயர் எழுதியிருந்தது. அண்ணன் முதலாளிக்குப் பயந்து ஒளியவில்லை. எனக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்! வீதியின் இந்தப் பக்கமிருந்தே "அண்ணே!" என்று கத்தினேன். டீ கிளாசும் கையுமாக வந்து நின்றார்.

"நான்தான் நாலு வருதுன்னு சொன்னேனே. எதுக்கு வாங்குனீங்க?"

"நம்ம லயத்துக்கு எந்தச் சாமான் வந்திருக்கு? வராதுன்னே நெனச்சேன் பாப்பா. இருந்த காசுக்கு ஒண்ணாவது மாத்துனா, உங்க அண்ணி புள்ளைய ஏத்துவாளோன்னுதான்."

திட்டுவதை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்தேன். முதலாளி அந்த இடைவெளியில் பூட்டுகூலி சொன்னார்: தன் கடை டயருக்கு 600, வெளியில் வாங்கியதற்கு 1,000. எதற்கு நானூறு கூட என்று கேட்டேன். "மனவருத்தத்துக்குங்க" என்றார். எவ்வளவு பேசியும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் அந்த நாலு வருடப் பழசை ஆன்லைன்காரர்கள் திருப்பி எடுக்கத் தன் கடை அட்ரஸைக் கொடுக்கச் சொல்லி, அதைத் தானே உள்ளே எடுத்து வைத்தார்.

எந்த டயர் எங்கே என்று கேட்டபோது, எதற்கும் வாதாடாத அண்ணன், தன்னுடையதை முன்னால் இடது பக்கம்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எல்லாம் ஒரே ரகம்தானே, எங்கே போட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

இனி கணக்கு. மூன்று டயரில் மிச்சம் பிடித்தது 10,500. கூரியர், ஓட்டோ, பூட்டுகூலியில் கூடக் கொடுத்தது, போகவர பஸ் எல்லாம் கழித்தால் கையில் நின்றது ஆயிரம் ரூபாய். திருப்பி அனுப்பிய டயருக்கு மாற்று வேண்டாமென்று சொல்லிவிட்டதால், அதன் காசு அடுத்த வாரம் திரும்பி வந்தது. அதனால் ஆன்லைன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், ஆனால் தயாரித்த வாரத்தைக் கண்ணைத் திறந்து பாருங்கள். தோட்டத்துப் பக்கம் அனுப்புவதென்றால், காசு கட்டுவதற்கு முன் கூரியர் எந்த ஊரோடு நிற்கும் என்று கேளுங்கள். பூட்டிக் கொடுக்கிற கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, முடிந்தால் அவர் அட்ரசுக்கே அனுப்புங்கள். அவர் கொஞ்சம் மனவருத்தப்படுவார், பரவாயில்லை. சறுக்கின வண்டிக்கு அவசரமாக நாலும் வேண்டுமென்றால் பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. மேல் லயத்துக்குக் கீழே, தூறலில் பிள்ளைகளும் பெற்றோரும் நின்றார்கள். யாரும் ஏறவில்லை. அண்ணி கொழுந்து பறிக்கப் போகிற கோலத்தில் வந்து, குனிந்து ஒவ்வொரு டயரிலும் பெருவிரலை விட்டுப் பார்த்தார். ஞாயிறு முழுக்க அண்ணன் தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்திருந்ததால் நாலும் ஒரே சேறு.

"இதுல எது இவரு வாங்குனது?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "முன்னால, எடது பக்கம். நம்ம புள்ள சீட்டுக்குக் கீழ."

அண்ணி அந்த டயரில் இன்னொரு தடவை பெருவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து மகளைத் தூக்கி உட்கார வைத்தார். மற்றப் பதினொரு பிள்ளைகளும் தள்ளுமுள்ளுப்பட்டுக்கொண்டு பின்னால் ஏறினார்கள்.