அடிலெய்டில் ராகு காலம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜெர்மனிக்காரர்களோடு பேசுவது என் வேலை. அவர்கள் மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசியில் பின்னே இழுப்பார்கள். அதற்கேற்ப என் சாயங்கால டீயும் நகரும். அதனால் நேரக் கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

இந்த வருஷம் மே மாதம்தான் தங்கை அடிலெய்டுக்குக் குடிபோனாள். உலக நேரக் கணக்கில் நம் நேரத்தில் இருப்பதுபோலவே அந்த ஊர் நேரத்திலும் ஓர் அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு அரையும் அடிபட்டுப்போய், வித்தியாசம் சுத்தமாக நாலு மணி. அம்மா சமையலறையில் அடிலெய்டுக்கென்றே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்வாள்.

தங்கைக்கு வளைகாப்பு வைத்தார்கள். அம்மாவுக்கு விசா வந்து சேரவில்லை. அழுது தீர்த்த பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டாள். ஆம்பூர் பஜாரில் வாங்கிய கண்ணாடி வளையல்களை, ஷூ பெட்டியில் வைக்கும் ஃபோமில் சுற்றி, அங்கே போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அம்மா போனில் பார்த்து வாழ்த்த வேண்டியது, தங்கையின் தோழி அவளுக்குப் பூட்ட வேண்டியது. ராகு காலம் மட்டும் கூடாது. ராகு காலத்தில் அம்மா ஆட்டோவில்கூட ஏற மாட்டாள்.

"நம்ம ஊரு ராகு காலமா, அந்த ஊரு ராகு காலமா?" என்று சீண்டினேன்.

"பொண்ணு எங்க உக்காந்திருக்காளோ, அங்கத்துதுதான்டா."

அக்டோபர் முதல் ஞாயிறு. ஞாயிறென்றால் நாலரைக்கு ராகு காலம். அதனால் அங்கே மூன்றரைக்கு வளையல் என்று தங்கை சொன்னாள். நமக்குப் பதினொன்றரை என்று நான் அடித்துச் சொன்னேன். அன்று காலை போன்களை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, கோயிலில் அர்ச்சனை செய்து வந்தோம். சரியாகப் பதினொன்றரைக்கு அம்மா பட்டுப்புடவையில் போன் முன் உட்கார்ந்தாள்.

திரையில் பாதிப் பேர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"இன்னாண்ணா நீ! எத்தன வாட்டி கூப்ட்டோம்! இன்னிக்குக் காலைல இங்க டைம் மாத்திட்டாங்க. மணி நாலரை ஆவுது" என்றாள் தங்கை.

அங்கே இந்தக் கூத்து அக்டோபர் தொடக்கத்திலேயே நடக்கிறதாம், அதுவும் முன்னே தள்ளி. பக்கத்து மாநிலம் ஒன்றில் மாற்றுவதே இல்லையாம். என் ஜெர்மனிப் படிப்பெல்லாம் பல்லிளித்தது.

தங்கை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். இடது கை நிறைய வளையல். வலது கை வெறுமையாக இருந்தது.

"இது உனக்குன்னு வெச்சிருந்தேம்மா. ராகு காலம் வந்துடுச்சே" என்று அந்தக் கையை மெல்ல இறக்கினாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அம்மா திரும்பி, நாங்கள் மாற்றாத அந்தச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் மூன்றரை.

"மணிய மாத்துனது யாருடா?"

"கவர்மெண்டும்மா."

"சூரியனையும் மாத்திட்டாங்களா?"

"அது எப்டி முடியும்?"

"அப்ப ராகு மட்டும் எப்டி முன்னாடி வருவாரு? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீ கைய நீட்டும்மா!"

அங்கே கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அம்மாவைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல அப்படியொரு சந்தோஷம். தோழி ஒவ்வொரு வளையலாகப் பூட்ட, இங்கே அம்மாவின் விரல்களும் கூடவே குவிந்து விரிந்தன. கடைசி வளையல் ஏறியதும் கிண்ணத்திலிருந்த சந்தனத்தை வழித்து, திரையில் தெரிந்த மகளின் இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டாள்.

அதன்பிறகு போனில் எதுவும் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தொடச்சிடட்டுமாம்மா?" என்றேன்.

"இருக்கட்டும்டா" என்றாள் அம்மா.