ஆயா தின்ற சர்க்கரைப் பொங்கல்

இதை எழுத ஏழெட்டு வருஷம் தயங்கினேன். தப்பு என்னுடையது என்பதுதான் காரணம்.

யுத்த காலத்தில் என் ஆறு வயது மகளுக்கு மூக்கின் பின்பக்கம் சதை வளர்ந்துவிட்டது. வாயைத் திறந்தபடி மூச்சுத் திணறித் தூங்குவாள். சதையை எடுக்க நாள் குறித்து, வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொன்னார்கள்.

மயிலாப்பூர் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் அறை வாசலில் ஓர் ஆயா நின்றாள். குள்ள உருவம், எட்டணா அகலத்துக்குக் குங்குமம். உள்ளே போகும் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் முகர்ந்து பார்ப்பது அவள் வழக்கம். என் மகளை முகர்ந்தவள், என் வலது கையையும் பிடித்து முகர்ந்தாள்.

"நெய் வாசனை வருது. இன்னா சாமி குடுத்தே?"

"சாப்பாடு எதுவும் குடுக்கலேம்மா. கோயில் பிரசாதந்தான். ஒரு வாய்."

மகள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சு அடச்சிக்கும். பிரசாதம்னு அது ஒதுங்கி நிக்குமா?" என்றாள் ஆயா.

ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த வாரமும் மனசு கேட்காமல் பொங்கல் பொட்டலத்தோடுதான் போனேன். ஆயா அதை வாங்கி, என் கண்ணெதிரே முழுவதையும் தின்று தீர்த்தாள்.

"கொயந்த பேர்ல நான் துண்ணுட்டேன். சாமி கோச்சிக்காது, நீ குந்து."

மகள் இப்போது வாயை மூடித் தூங்குகிறாள். அந்தப் பிரசாதத்தின் பலன் யாருக்குப் போயிற்று என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. குழந்தைக்குச் சதை எடுக்கப் போகிறவர்களிடம் இதை நடந்தபடியே சொல்லுங்கள். எனக்கு நல்ல பேர் வரும்படி திருத்த வேண்டாம்.