கொண்டாப்பூருக்கு வந்த பிறந்த வீட்டுக் கோடி

ஆண்டுக்கு ஒரு நாள், ஆவணிப் பௌர்ணமியன்று, எங்கள் அலுவலகத்து ஆண்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். ஜிகினா வைத்தது, பஞ்சு உருண்டை ஒட்டியது என்று விதவிதமாக இருக்கும். ஹைதராபாத்துக்கு வந்த முதல் வருஷம், ஏதோ திருவிழாவுக்கு ஆபீஸே காப்புக் கட்டியிருக்கிறது என்று நினைத்து, எத்தனை நாள் விரதம் என்று டீம் லீடிடம் அக்கறையாக விசாரித்தேன். அவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ராக்கி என்றால் வடக்கத்திச் சமாச்சாரம் என்றுதானே ஊரில் இருக்கும் நாம் நினைக்கிறோம். இங்கே தெலுங்குப் பெண்களும் அண்ணன் தம்பிக்குக் கட்டுவதற்காகப் பஸ் பிடித்துப் போகிறார்கள். நான் செய்த தப்பாவது ஒரு கேள்வியோடு முடிந்தது. என் அம்மா செய்தது அவள் சாகும் நாள்வரை வந்தது. அதற்காக நான் இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

அம்மாவுக்கு நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒற்றைப் பிள்ளை நான். அப்பா போனபோது ஆறாம் வகுப்பில் இருந்தேன். முசிறியில் பால்வாடி ஆயாவாக வேலை பார்த்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்து, என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். என் மகள் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று ஹைதராபாத்தில் எங்கள் கொண்டாப்பூர் வீட்டுக்கு வந்தவள், பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டாள். மருமகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற கூச்சம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. அந்தக் கூச்சத்தை வேலை செய்தே தீர்த்தாள். அந்த நாட்களில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் அமெரிக்கக்காரனோடு போனில் கிடக்க, அவள் என் குழந்தையின் காதைப் பொத்தித் தூங்க வைப்பாள். அவள் மட்டும் இல்லாவிட்டால் எனக்கு உத்தியோகமும் இல்லை, என் மகளுக்குத் தமிழும் இல்லை. மகள் தமிழைப் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்வாள் என்பது வேறு விஷயம். அம்மாச்சி என்று கூப்பிடச் சொன்னோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்து அம்மம்மா என்றே கூப்பிட்டாள்.

ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில்தான் எதிர் வீட்டு ராமிரெட்டி காரு, நம் பேச்சில் ராமிரெட்டி ஐயா, அம்மாவுக்குப் பழக்கமானார். ரிட்டயர்டு வாத்தியார், அம்மாவைவிடப் பத்து வயது இளையவர், பேரனை ஏற்றிவிட வருவார். இவள் தமிழில் பேசுவாள், அவர் தெலுங்கில் பேசுவார். முட்டிவலியும் பேரப்பிள்ளைகளின் சேட்டையும் எந்த மொழியிலும் விளங்கிவிடும் போலிருக்கிறது. அவர் அக்கா என்பார், இவள் தம்பி என்பாள். கரீம்நகரில் இருந்த அவருடைய சொந்த அக்கா இறந்த வருஷம், ராக்கியன்று அவரே ஒரு கயிற்றை வாங்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார். கண் வேறு கலங்கியிருந்ததாம். அம்மா என்ன நினைத்தாள் என்றால், மனுஷர் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறார், மந்திரித்துக் கட்டச் சொல்கிறார் என்று. பால்வாடியில் சீக்குப் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய கைதானே. சமயபுரத்தாளை வேண்டி, மூன்று முடிச்சுப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, உச்சந்தலையில் ஊதியும் விட்டிருக்கிறாள். அவர் ஒரு சேலையைத் தட்டில் வைத்து நீட்டியபோது, மந்திரித்ததற்குக் கூலி வாங்கினால் பலிக்காது என்று சைகையிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் நான் விளக்கிச் சொன்னதும், "அடப் பாவமே, கூடப் பொறந்தவன்னு வந்த மனுசனுக்குல்ல பேய் ஓட்டி அனுப்பிருக்கேன்" என்றாள். அப்போதே எதிர் வீட்டுக்குப் போய், அந்தச் சேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவர் வருவார், இவள் கட்டுவாள். திருநீற்றையும் ஊதுவதையும் மட்டும் விடவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை.

தொட்டியத்தில் இருந்த அவளுடைய ஒரே தம்பி, என் மாமா, காலமான பிறகு அம்மாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பெண்ணாய்ப் பிறந்தவள் எத்தனை வயதில் போனாலும் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வந்து மேலே விழ வேண்டும். அந்தக் கோடி இல்லாமல் எடுத்தால் அநாதையை எடுத்த மாதிரி என்பாள். ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றால், செத்தவளை ரெண்டு நாள் வண்டியில் ஆட்டாதே என்பாள். இங்கேயே என்றால், "செல்வராசு கோடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள என்னைத் தூக்கிருவீங்க" என்பாள். அந்த மாமாவின் மகன்தான் செல்வராஜ்.

எண்பத்து மூன்றாவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை, காபியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. படுக்கையில் கிடக்காமல் போனாளே என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். செல்வராஜ் சென்னை வந்து விமானம் பிடிக்கிறேன் என்றான். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் அவன் போன் கிடைக்கவில்லை. அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அப்போதுதான் ராமிரெட்டி காரு மனைவியோடு வந்தார். கையில் மஞ்சள் தடவிய புதுச் சேலை, கிளிப் பச்சையில் அகலமான சிவப்புக் கரை. அவர்களிலும் பிறந்த வீட்டுச் சேலை போடும் வழக்கம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் என் கணவரின் அத்தை என் காதருகே வந்து, "பச்சை நக்கோம்மா. புருசன் இல்லாதவளுக்கு வெள்ளைதான். ஊர்க்காரங்க கைக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு; செகந்திராபாத் தமிழ் அப்படி. அத்தை சொன்னது முறைதான். ராமிரெட்டி காருக்குப் பேச்சு புரியாவிட்டாலும் தயக்கம் புரிந்துவிட்டது. "நேனு தம்முடினி காதாம்மா?" என்று கேட்டார். நான் தம்பி இல்லையா என்று கேட்கிறவரிடம் நிறத்தைப் பற்றி என்ன பேசுவது? போடுங்கள் என்றேன். அவரே அம்மாவின் மேல் விரித்தார்.

வண்டி வந்து நின்ற நேரத்தில் செல்வராஜ் ஆட்டோவிலிருந்து இறங்கினான், வெள்ளைக் கோடியோடு. நம் பக்கத்தில் கோடி யாருடையது முதலில் என்பதற்கே மண்டை உடைந்த சாவுகள் உண்டு. அவன் பச்சைச் சேலையைப் பார்த்தான், யார் போட்டது என்று கேட்டான். ராக்கிக் கதையை அந்த நேரத்தில் முழுசாக எங்கே சொல்வது? அம்மாவுக்கு இங்கே ஒரு தம்பி என்று மட்டும் சொல்லி அவரைக் கைகாட்டினேன். செல்வராஜ் பச்சைச் சேலையை மெதுவாக எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். ராமிரெட்டி காரு தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளையை அம்மாவின் மேல் போர்த்திவிட்டு அவன் அவர் பக்கம் திரும்பினான்.

"எங்க அப்பாவுக்கும் தம்பி மொறை ஆவுது உங்களுக்கு. சித்தப்பா, இந்த முனையப் பிடிங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய முனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அந்தப் பச்சையை வெள்ளையின் மேல் விரித்து, கால்மாட்டில் சுருக்கம் இல்லாமல் நீவி விட்டார்கள். அதற்கு அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.