செவலையின் சொந்தக்காரர்கள்

காரைக்குடியிலிருந்து எட்டு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில், பஞ்சாயத்து ஆபீசின் தமுக்குக்காரர் தெருவுக்கு வந்த அன்று நான் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். நாய் வைத்திருப்பவர்கள் ஆபீசுக்கு வந்து பெயரைப் பதிந்து லைசென்ஸ் எடுக்க வேண்டும். கழுத்தில் பித்தளை வில்லை இல்லாமல் தெருவில் திரிகிற நாயை வண்டி வந்து பிடித்துப் போகும். மூன்று நாளைக்குள் சொந்தக்காரர் வந்து கேட்காவிட்டால் நாய் உயிரோடு திரும்பாது. இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

எங்கள் செவலைக்கு வில்லை கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், அதற்குச் சொந்தக்காரர் யார் என்பது.

முந்தின வருஷம்தான் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்திருந்தார்கள். கல்லல் பக்கத்து வயல் கிணற்றில் யார் எந்தக் கிழமை தண்ணீர் இறைப்பது என்று ஆரம்பித்த பேச்சு, முற்றத்தின் குறுக்கே தென்னங்கிடுகு மறைப்புக் கட்டுவதில் போய் முடிந்தது. அண்டா, குண்டான், ஆட்டுக்கல், பசுமாடு எல்லாவற்றையும் பிரித்துத் தாளில் எழுதியவர்கள் நாயை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். அது தன் பாகத்தைத் தானே பிரித்துக்கொண்டது. காலையில் எங்கள் வீட்டுக் கஞ்சி. மறைப்புக்கு அடியில் நுழைந்து போய், சாயங்காலம் சித்தி வைக்கிற பழைய சோறு.

லைசென்ஸ் எடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "அது அங்குட்டு வீட்டு நாயி" என்றார். பள்ளிக்கூடத்தில் சித்தப்பா மகளைக் கேட்டேன். அவளுடைய அப்பாவும் அதையேதான் சொன்னாராம், எங்கள் பக்கம் கையைக் காட்டி. எங்கள் இருவருக்கும் வீட்டில்தான் பேச்சு வார்த்தை கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

நாலாம் நாள் வண்டி வந்தது. செவலை வண்டிக்காரரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே கிட்டே போனதாகச் சொன்னார்கள். அம்மா அதன் அலுமினியத் தட்டைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள். அன்று சாயங்காலம் மறைப்புக்கு அந்தப் பக்கம் சித்தி, விட்டு விட்டு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் சித்தப்பா மகளும் புத்தகப் பையோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். வழுக்கைத் தலைக் குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஆபீசுக்குப் பின்னாலிருந்து நாய்கள் குரைக்கிற சத்தம் வந்தது. அதில் எது செவலை என்று எங்களுக்குத் தெரிந்தது.

"என்னத்தா வேணும்?"

"எங்க வீட்டு நாயி" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வீடா?"

நான் இல்லை என்றேன். அவள் ஆமாம் என்றாள். அப்புறம் நான் ஆமாம் என்றேன், அவள் இல்லை என்றாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றொன்றாகக் கேட்டுக் கிணற்றில் ஆரம்பித்துக் கிடுகு வரைக்கும் கதையை வாங்கிக்கொண்டார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு வீட்ல சோறு திங்கிற நாயிக்கு, ரெண்டு வீட்டுப் பெரியவுகளும் நேர்ல வரணும். ஒரே தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். சட்டம் அப்படி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரச் சொல்லுங்க."

அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் இரண்டு வீட்டிலும் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தோம். காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்தப் பக்கமும் ஒரு சைக்கிள் இறங்கியது. சாலையின் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் சித்தப்பா, பின்னால் ஓட்டமும் நடையுமாக நாங்கள். சட்டத்துக்குப் பயந்து இரண்டு பெரிய மனிதர்கள் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

குமாஸ்தா இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னார். நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"நாயிக்கு என்ன வயசு?"

"நாலு" என்றார் அப்பா.

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு" என்றார்.

"நாலுதான். கல்லல்ல இருந்து சாக்குல போட்டுக் கொண்டாந்தது நானு."

"கொண்டாந்தது நீங்கதாண்ணே. எந்த வருசம்னு நெனச்சுப் பாருங்க. நம்ம அய்யா தவறுன வருசம்ல. அவுக கட்டிலுக்கு அடியிலயே கெடந்துச்சே, குட்டியா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு 'அண்ணே' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அப்பா விரல்களை மடக்கி வருஷத்தை எண்ணினார். பிறகு, "ஆமா, அஞ்சுதான். அஞ்சுன்னே எழுதுங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

கையெழுத்துப் போட்டார்கள். செவலைக்கு ஊசி போட்டு, கழுத்தில் வில்லையைக் கட்டிக் கொடுத்தார்கள். திரும்புகையில் கயிற்றைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். இரண்டு சைக்கிளையும் இரண்டு கையால் தள்ளிக்கொண்டு அப்பா நடந்தார். வழியில் அவர்கள் நாயைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். கிடுகு மறைப்பும் உடனே போய்விடவில்லை. ஆனால் அடுத்த மாதம் கிணறு தூர் வாருவதற்கு இருவரும் ஒரே பஸ்ஸில் கல்லலுக்குப் போனார்கள்.

எனக்கு வேலை கிடைத்து மதுரையில் குடியிருந்தபோது நானும் ஒரு நாய் வளர்த்தேன். அதற்கு லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான், எந்த ஊரிலும் ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் போதும், இரண்டு வீட்டுச் சட்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று தெரிந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி அப்பாவிடம் சொன்னேன்.

அவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "தமுக்கு அடிச்ச மறுநாளே பக்கத்து வீட்டு நாயிக்கு எடுக்கும்போது கூடப் போனவன்ல நானு."

"பிறகு ஏன் போனீக?"

ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார்.

"ஒங்க சித்தப்பன் வாரானான்னு பாக்கத்தான்."