பத்தொன்பது நாளாக ஏந்தாத கைகள்

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் எல்லோரும் துஆவுக்கு, தங்கள் வேண்டுதலைச் சொல்ல, கையேந்துவார்கள். கிரேன்காரர் மட்டும் எழுந்து செருப்பைத் தேடப் போவார். பத்தொன்பது நாளாக இப்படித்தான். ஐந்து வேளையில் ஒரு வேளையையும் அவர் விட்டதில்லை. ஆனால் தன் வாயால், தன் பாஷையில், அல்லாஹ்விடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முன் பதினோரு வருடம் அவருடைய நாள் பேச்சில்தான் தொடங்கியது. கட்டட வேலை நடக்கும் இடத்தில், டவர் கிரேனின் ஏணி முதல் படியில் கைவைத்து நிற்பார். "யா அல்லாஹ், இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா இருக்கு. கீழ நிக்கிறவங்க பிள்ளகுட்டிக்காரங்க. என் கண்ணும் கையும் உன் பொறுப்பு." இவ்வளவுதான். பிறகு பதினைந்து மாடி உயரம் ஏறிக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துவிடுவார். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் இறங்குவதோடு சரி. அதனால் அங்கே அவருக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர்.

கீழே நின்று கையசைத்தும் வாக்கிடாக்கியிலும் வழி சொல்கிறவன் அவர் மனைவியின் தம்பி. ஓயாத வாய் என்பதால் மைனா. "மச்சான், ரெண்டு அடி இறக்குங்க. மெதுவா மச்சான், இது பஞ்சு மூட்ட இல்ல, கம்பி!" என்று நாளெல்லாம் அவர் காதில் கத்திக்கொண்டிருப்பான்.

கூண்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அன்று கொண்டுபோயிருந்தார். கம்பிக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் மடியிலிருந்து நழுவியது. வலது கை லீவரில் இருக்க, குனிந்தார். இரண்டு விநாடி இருக்கும். "நிறுத்துங்க மச்சான்" என்ற குரல் காதில் விழுந்தது. நிமிர்ந்தபோது கம்பிக் கட்டு தரையில் இருந்தது. மைனாவின் பாதம் அதற்கடியில் இருந்தது. அவன் விழுந்த வேகத்தில் தலையிலும் அடிபட்டு, அவனுக்கு அந்தக் காலை நேரமே நினைவிலிருந்து போய்விட்டது.

விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி, "அவர் காட்டின சைகை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சைகை சரியாத் தெரியல."

மூன்று சொல். சுத்தப் பொய் என்று சொல்லவும் முடியாது. குனிந்திருந்தவனுக்கு எதுதான் தெரியும்? ஆனால் அந்த மூன்று சொல் அலுவலகம் போய், தட்டச்சாகி, "கீழே நின்றவர் தவறான சைகை காட்டினார்" என்று வெளியே வந்தது. அவர் திருத்தவில்லை. அன்று மாலையே வலது கை நடுங்கத் தொடங்கியது.

நரம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "டீயில பாதிய தரைக்குத்தான் குடுக்கறீங்க. தரை ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லுச்சா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

இன்று மாலை ஐந்து மணிக்கு மைனாவுக்கு இரண்டாவது ஆபரேஷன். பாதம் தேறுமா, எடுக்கவேண்டி வருமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்பாக நான்கு மணிக்கு, அறிக்கையில் அவன் கையெழுத்தை வாங்க அதிகாரி வருகிறார்.

"நான்தான் கைய மாத்திக் காட்டிட்டேன் போல மச்சான்" என்றான் மைனா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. "என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு."

"அப்படியெல்லாம் பேசாத."

"கையெழுத்துப் போட்டா இனிமே எந்த வேலையிடத்துலயும் என்னை உள்ள விடமாட்டாங்க. போகட்டும், கால் நின்னாப் போதும். ஏணிக்கடியில நின்னு கேப்பீங்களே, அந்த மாதிரி எனக்கு ஒரு துஆ கேளுங்க. பாதி வழி மேலேயே இருக்கிற ஆளு நீங்க. உங்களுது சீக்கிரம் போய்ச் சேரும்."

"அஸர் தொழுகை நேரம் ஆச்சு. போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

தொழும் அறை தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நான்கு விரிப்புகள், ஒரு கடிகாரம், கையலம்பும் தொட்டி. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும்போது உள்ளங்கைத் தண்ணீர் முகத்துக்கு வருவதற்குள் பாதி சிந்தியது. வேறு யாருமில்லை. தொழுது முடித்து வழக்கம்போல் திரும்பினார். செருப்பு வாசலில், கண்ணெதிரே கிடந்தது. தேட வேண்டிய அவசியமில்லை.

உட்கார்ந்தார். கைகளை ஏந்தினார்.

"யா அல்லாஹ், என் மச்சான் காலக் காப்பாத்து. அவன் கவனமில்லாம..."

வாக்கியம் அங்கேயே நின்றது. இன்னொரு பக்கமாகத் தொடங்கினார். "அன்னிக்கு நடந்த விபத்துல..." அதுவும் நின்றது. அதிகாரிக்குப் போதுமானதாக இருந்த வாக்கியம் இங்கே வாயைவிட்டே வர மறுத்தது. எல்லாம் தெரிந்தவனிடம் எதையும் மாற்றிச் சொல்வதில் அர்த்தமில்லை. தெரிந்தவனிடமே ஏன் சொல்ல வேண்டும் என்பது பழைய கேள்வி. சொல்கிறவன் காதிலும் அது விழவேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

"நான் குனிஞ்சேன்" என்றார். "போனை எடுக்கக் குனிஞ்சேன். அவன் நிறுத்துன்னு சொன்னது கேட்டுச்சு. சைகை தெரியலன்னு சொல்லிட்டேன். அவன் மேல பழி போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அழுகை வந்தது. வெகுநேரம் வந்தது. துஆ கேட்டால் மனம் லேசாகும் என்பார்கள். அவருக்கு லேசாகவில்லை, கனம் கூடியதுபோலத்தான் இருந்தது. ஆனால் எடை தெரியாத சரக்கைக் கிரேன்காரர் தூக்கமாட்டார். இப்போது எடை தெரிந்துவிட்டது.

"அவன் காலக் குடு. அவன்கிட்ட சொல்ல எனக்கு வாயக் குடு."

நிமிர்ந்து பார்த்தார். நான்காக இரண்டு நிமிடம். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. மூன்று மாடியையும் படியில் ஏறி, மூச்சிரைக்க அவர் உள்ளே நுழைந்தபோது அதிகாரி வந்துவிட்டிருந்தார். மைனாவின் விரல்களில் பேனா இருந்தது.

"போடாத மச்சான்."

"ஏன்? எங்க போடணும்னு இப்பதான் சார் காட்டினாரு."

"நீ சரியாத்தான் கை காட்டின. நிறுத்துன்னும் சொன்ன. நான்தான் போனை எடுக்கக் குனிஞ்சேன்."

மைனா வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவன் பேசாமலிருந்து அவர் பார்த்ததே இல்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பத்தொன்பது நாள்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

அதிகாரி அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். "இத எழுதிக் குடுக்கணும். உங்க கையாலேயே. லைசென்ஸ் போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும்."

ஜன்னலோரம் தாளை வைத்து எழுதினார். முதல் வரி எறும்பு ஊர்ந்த தடம்போலப் போனது. "குனிந்தேன்" என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்தது. நான்காவது வரி படிக்கும்படியாக இருந்தது. அதற்குமேல் அந்தக் கையைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

ஐந்துக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிக்கொண்டு போகும்போது மைனா அவர் பக்கம் பார்க்கவில்லை. ஆபரேஷன் அறை வாசலில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றான். தள்ளுகிறவர் நிறுத்தினார்.

"துஆ கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னன்னு?"

"உன் காலக் கேட்டேன்."

மைனா கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "கிடைச்சா மொத உதை உங்களுக்குத்தான்."

"சரி மச்சான்."

"அதுவரைக்கும் நிறுத்தாம கேளுங்க."

கதவு மூடிக்கொண்டது. மனைவி பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் இந்த முனையில் உட்கார்ந்தார். ஆட்கள் போய்வருகிற அந்த நடைபாதையிலேயே இரண்டு கைகளையும் ஏந்தினார். வலது கை இன்னும் நடுங்கியது. அவர் அதை ஒளிக்கவில்லை.